தொண்ணூற்று நாலிலேயே நின்ற திரை

அபினாவின் வேலை என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் ரோட்டில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் அவர்கள் வீடு. காலையில் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மத்தியானம் கப்பைக்கிழங்கும் மீனும் தின்ன எழுந்திருப்பாள். பிறகு மறுபடியும் உட்காருவாள். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு யாரிடமோ இங்கிலீஷில் சண்டை போடுவாள். முப்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. ஊர் இதற்கு மேல் தெரிந்துகொள்ள முயலவில்லை.

ஒரு தடவை மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுடைய அம்மா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்க, அபினாவே பதில் சொன்னாளாம்.

“பிள்ளைக்கு என்ன சோலி?”

“ஸ்கிரீன்ல என்னமாவது மாறுதான்னு கண்டுபிடிக்கது.”

“மாறல்லன்னா?”

“உறங்கிக்கோன்னு சொல்லுவேன்.”

“ஆருக்கிட்ட?”

“ஸ்கிரீனுக்கிட்ட.”

“இதுக்குச் சம்பளம் வேற குடுக்கானுவளா?”

அவர்கள் பிறகு வரவில்லை. இதை எனக்குச் சொல்லிச் சிரித்தவர் அபினாவின் அப்பா ரசலையன். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. நான் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

நான் நெய்யூரில் நர்சிங் படித்தவள். ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பக்கத்துப் படுக்கை நோயாளிகளை வீடுவீடாகப் போய்ப் பார்க்கிறேன். ரசலையனைப் பார்க்கப் போன இடத்தில்தான் அபினா பழக்கம்.

ரசலையன் இளவயதிலிருந்து ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரையில் வேலை பார்த்தவர். விறகுப் புகைக்குள் போய் ஷீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வெளியே வந்து பீடி பற்ற வைத்தவர். இரண்டும் சேர்ந்து நுரையீரலைத் தழும்பாக்கிவிட்டன. நோய் முற்றியபோது அவரைத் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐசியூவில் வைத்தார்கள். முகத்தில் மாட்டிய மாஸ்க்கைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டிலோடு கட்டினார்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான். ஆனால் அவர் அதை மறக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே அபினாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“இனி என்னை அங்க கொண்டு போவாத மக்களே. இஞ்ச கிடந்து போனாப் போதும்.”

அபினா சரி என்றாள். பெங்களூருக் கம்பெனியில் இருந்தவள் ஊரடங்கின்போது வீட்டுக்கு வந்திருந்தாள், அப்படியே தங்கிவிட்டாள். அண்ணன் ஷிஜின் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். “ஆக்சிஜன் நம்பர் தொண்ணூறுக்கு மேல இருக்கியது வரைக்கும் வீட்டுல வச்சுக்கோ. கீழ போச்சுன்னா ஆஸ்பத்திரியாக்கும். அதுல பேச்சே கிடையாது, கேட்டியா?” தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவான். அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நம்பரைக் காட்டச் சொல்வான்.

ஆக, ரசலையன் தன் கட்டிலில் கிடப்பதா வேண்டாமா என்பதை அந்த நம்பர்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

நம்பரைக் காட்டும் திரையை அபினாவே செய்திருந்தாள். கடையில் வாங்கிய சின்ன மெஷின்களில் எழுத்து பொடியாக இருந்தது. அம்மா ஜெபகுமாரிக்குக் கண்புரை. பழைய லேப்டாப் ஒன்றின் திரையை எடுத்து, கட்டிலின் கால்மாட்டில் ஸ்டாண்டு அடித்து நிறுத்தினாள். ரசலையனின் விரலில் மாட்டிய கிளிப்பிலிருந்து ஒயர் அதற்குப் போகும். திரை முழுக்க ஒரே எண், உள்ளங்கை அகலத்தில். தொண்ணூறுக்குக் கீழே போனால் சிவப்பாகும். முதலில் சத்தமும் வைத்திருந்தாள். அவர் உறக்கத்தில் கையைப் புரட்டும்போதெல்லாம் கிளிப் நகர்ந்து அது கத்தியது. “சவத்த நிறுத்து” என்றார். நிறுத்தினாள்.

எங்கள் பக்கம் மழை தொடங்கினால் ரப்பர்க் கிளை ஒடிந்து கம்பியில் விழும், கரண்டு போய்விடும். இன்வெர்ட்டரை முழுவதும், அவர் மூக்குக்குக் குழாய் வழியாகக் காற்று தரும் ஆக்சிஜன் மெஷினுக்கு ஒதுக்கினார்கள். திரை தன்னுடைய சொந்த பேட்டரியில்தான் ஓட வேண்டும். அதை எவ்வளவு நேரம் நீட்டிக்க முடியுமோ அவ்வளவு நீட்டிக்க வேண்டும். அபினாவின் வேலையே அதுதான். எனக்கு அப்போதுதான் அது புரிந்தது.

ஜெபகுமாரி முற்றத்தைத் துடைப்பத்தால் தூத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அபினா விளக்கினாள்.

“அம்மா, ஒரு இல கூட விழாத நேரத்திலயும் நீங்க நிறுத்தாம தூத்துக்கிட்டே இருந்தா எப்பிடி இருக்கும்?”

“கை ஒடிஞ்சு போவும்.”

“ஸ்கிரீனு அப்பிடித்தான். ஒண்ணும் மாறல்லன்னாலும் செக்கண்டுக்கு அறுவது தடவ அந்தப் படத்தையே மறுபடி மறுபடி வாங்கி வரையும். அதுல கரண்டு போவும். இப்பம் வார ஸ்கிரீனுக்குக் கொஞ்சம் ஞாபகம் உண்டு. கடைசியா குடுத்த படத்த அதுவே பிடிச்சு வச்சுக்கிடும். மாற்றம் வந்தா மட்டும் எழுப்புனா போதும்.”

“ஆரு எழுப்புவா?”

“நான் எழுதுத புரோகிராம். டிரைவர்னு பேரு.”

“அது உறங்கிப் போச்சுன்னா?”

“உறங்காது. அதுக்கில்லா எனக்குச் சம்பளம்.”

படம் எந்தெந்த வழியில் மாறலாம் என்று ஒவ்வொரு வழியிலும் காவல் வைப்பது அவள் தொழில். யாராவது காவல் இல்லாத வழியில் நுழைந்து, திரைக்கான நினைவில் நேரடியாக எழுதிவிட்டு, எழுதினேன் என்று சொல்லாமல் போனால் திரை பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அப்படிச் சொல்லாமல் எழுதுகிறவர்களின் வேலையைத் திருப்பி அனுப்பத்தான் அவள் காதில் மாட்டிக்கொண்டு சண்டை போடுவாள்.

அப்பாவின் திரையிலும் அவளுடைய புதிய முறையைப் போட்டிருந்தாள். கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன் தன் வீட்டில் ஓட்டிப் பார்ப்பது அவள் பழக்கம். திரையின் மூலையில் ஒரு கடிகாரம், செக்கண்டோடு. நன்றாகவே ஓடியது. கரண்டு போன மழைநாளிலும் விளக்கு வரும்வரை அணையாமல் தாங்கியது. ஷிஜினே மெச்சினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைக்காரர்கள் நோயாளி வீடுகளுக்கு ஜெபிக்க வருவது வழக்கம். ஆடிக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று பாட்டுப் பாடினார்கள். உபதேசியார் கண்ணை மூடி நீளமாக ஜெபிக்க, பின்னால் நின்ற பெண்கள் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செக்கண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆமென் சொன்னதும் ராஜையன் வாயைத் திறந்தார். சபைக் கமிட்டியில் இருப்பவர். ரசலையனோடு புகைப்புரையில் இருந்தவர்.

“இதென்ன ரசலையா, டைம் பாம் வச்ச மாதிரி காலுக்கிட்ட வச்சிருக்கா உன் மொவ?”

எல்லோரும் சிரித்தார்கள். ரசலையனும் சிரித்தார்.

“வெடிச்சா உனக்கும் சேத்துத்தாம்லே. தள்ளி நில்லு.”

அவர்கள் போன பிறகு நான் அவருக்குத் துணி மாற்றினேன். அப்போது மகளைக் கூப்பிட்டார்.

“மக்களே, அந்த ஓடுதத மட்டும் எடுத்துரு.”

“கடிகாரத்தையா?”

“ஓ. வந்தவன் எல்லாம் அதத்தான் பாத்துட்டு நிக்கான். எனக்க நேரம் எண்ணுத மாதிரி இருக்கு.”

அபினா அந்த இடத்திலேயே எடுத்தாள். அப்பா கேட்டதை உடனே செய்ய முடிந்ததில் அவளுக்குச் சந்தோஷம். திரையில் இப்போது எண் மட்டும் இருந்தது: 94.

நான் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை ஜெபகுமாரியும் அபினாவும் சொல்லித்தான் அறிவேன்.

சாயங்காலம் ஷிஜின் வீடியோவில் வந்தான். தொண்ணூற்று நாலு காட்டினார்கள். “சூப்பர்” என்றான். கஞ்சி குடிக்கும்போது ரசலையன் பாதியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிண்ணத்தைத் தள்ளினார்.

“முட்டுது மக்களே.”

அபினா திரையைத் திரும்பிப் பார்த்தாள். “தொண்ணூத்து நாலு இருக்குப்பா. மழ வருதில்லா, அதாக்கும் ஒரு மாதிரி இருக்கு. பயப்படாதீங்கோ.”

“அப்பிடியா?” என்றார்.

சற்று நேரம் கழித்து மறுபடியும் சொன்னார். ஜெபகுமாரி விசிறியை எடுத்தாள். அபினா தலையணையை உயர்த்தி வைத்து, திரையைக் காட்டினாள். “இங்க பாருங்கோ, அப்பிடியேதான் இருக்கு. ஒரு பாயிண்ட் கூட குறையல்ல.” அவர் திரையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு சொல்லவில்லை. எண் நன்றாக இருக்கிறது என்ற நிம்மதியில் அபினா உறங்கப் போனாள். ஜெபகுமாரி பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலை நான் வந்தபோது ரசலையன் உட்கார்ந்த நிலையிலேயே இருந்தார். இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றியிருந்தார். வாய் திறந்திருந்தது.

“ராத்திரி எப்பிடி?” என்று ஜெபகுமாரியிடம் கேட்டேன்.

“நம்பர் நல்லா இருக்கு அக்கா. இவருதான் சோர்ந்து சடச்சுப் போயிருக்காரு.”

மேல் துடைப்பதற்காக அவர் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றிக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டேன். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு நிமிர்ந்தேன். அபினா காப்பித் தம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை நானும் பார்த்தேன்.

கிளிப் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் யாருடைய விரலும் இல்லை. திரையில் 94.

தம்ளரை அவள் எங்கே வைத்தாள் என்று தெரியாது. என் பையில் கிடந்த சின்ன மெஷினை எடுத்து அவர் விரலில் மாட்டினேன். எழுபத்தாறு.

“ஆம்புலன்ஸைக் கூப்பிடு” என்றேன்.

“மாமி, அப்பா வேண்டாம்னு சொல்லிருக்காரு...”

“அது நுரையீரல் தானாகப் பழுதாகும்போது. இது அப்பிடி இல்ல. ராத்திரி பூரா ஆக்சிஜன் மெஷினைக் கூட்டி வைக்காம விட்டிருக்கு. கூப்பிடு.”

ரசலையன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மறுப்புச் சொல்ல அவரிடம் மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டினார்கள். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலும் இருந்தது. கையைக் கட்டவில்லை, பிடுங்கும் அளவுக்குப் பலமும் இல்லை. ஷிஜின் ஃபோனில் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது.

“நேத்து தொண்ணூத்து நாலுன்னு எனக்குக் காட்டினியா இல்லியா? என்ன எளவட்டி காட்டின? படம் பிடிச்சு வச்சத காட்டினியா?”

“படம் பிடிச்சு வச்சதுதான் அண்ணே. ஆனா நான் பிடிச்சு வைக்கல்ல.”

“பேசாத. வாய வச்சுட்டுச் சும்மா இரி.”

அவள் வராந்தா பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்தாள். மத்தியானம் நான் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தபோது தவறைக் கண்டுபிடித்திருந்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்த நாளில், அவசர அவசரமாக, எண்ணைக் காட்டும் சின்ன புரோகிராமை எழுதியிருக்கிறாள். அது எண்ணைத் திரையின் நினைவில் நேரடியாக எழுதியது; மாற்றினேன் என்று டிரைவருக்குச் சொல்லவில்லை. கடிகாரம் மட்டும் முறையான வழியில் வந்தது. செக்கண்டுக்கு ஒருமுறை கடிகாரம் திரையை எழுப்பியது. எழுந்த திரை எண்ணையும் சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டது. கடிகாரத்தை எடுத்ததும் எழுப்ப ஆளில்லை. திரை 94-ஐப் பிடித்துக்கொண்டு உறங்கிவிட்டது.

“கம்ப்யூட்டருக்கு உள்ள நம்பர் சரியாத்தான் விழுந்துட்டு இருந்திருக்கு மாமி. தொண்ணூறு, எம்பத்தஞ்சு, எம்பது... ஸ்கிரீனுக்கிட்ட மட்டும் ஆரும் சொல்லல்ல.” டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். “அடுத்தவன் எழுதினதுல இத ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருப்பேன். வருஷக்கணக்கா இதுக்குத்தான் ஆளுவள ஏசுதேன்.”

“டீ ஆறுது” என்றேன்.

“அந்தத் தப்பு கூடப் போட்டும். அப்பா முட்டுதுன்னு சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. நான் ஸ்கிரீனக் காட்டி இல்லன்னு சொன்னேன்.”

டீயை மட்டும் குடிக்க வைத்தேன்.

இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கொடுப்பதற்காக மாஸ்க்கை எடுத்திருந்த நேரத்தில் அவள் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. எண் நின்றுபோனது தன் தவறு என்றாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கரண்டிக் கஞ்சியை விழுங்கிவிட்டு, விட்டுவிட்டுப் பேசினார்.

“நீ சொன்னியா... அப்பம் எனக்கு வெறும் பயம்தான்னு... நெனச்சேன் மக்களே. பயத்த அடக்கிட்டு... இருந்தேன்.”

அபினா கஞ்சிக் கிண்ணத்தை ஜெபகுமாரியிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

டாக்டர் அம்மா இளவயது, நேராகப் பேசுபவர். நுரையீரலில் மிச்சம் அதிகம் இல்லை என்றார். இனி ஒருமுறை இப்படி ஆனால் தொண்டைக்குள் குழாய் போட வேண்டியிருக்கும். போட்டால் எடுக்க முடியும் என்று சொல்ல மாட்டேன் என்றார். குழாய் வேண்டாம் என்றால் வீட்டில் வைத்து மூச்சுமுட்டலைத் தணிக்க மருந்து எழுதித் தருகிறேன், இந்தச் சிஸ்டருக்குக் கொடுக்கத் தெரியும் என்று என்னைக் காட்டினார். அந்த ஒரு ராத்திரியின் பழுது இதில் எவ்வளவு என்று அபினா கேட்டாள். பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஷிஜின் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றான். ஜெபகுமாரி ஃபோனை வாங்கினாள். அதிகம் பேசாதவள். “அவரு வீட்டுக்குன்னு சொல்லுதாரு. கொண்டு போறோம். நீ உனக்க சோலியப் பாரு மக்கா” என்று சொல்லி வைத்துவிட்டாள். பழைய நிபந்தனை மட்டும் நின்றது: தொண்ணூறு.

வீட்டுக்கு வந்த பிறகு அபினாவின் வாழ்க்கை கெட்டது. திரையைச் சரிசெய்துவிட்டாள், எண் மாறும்போதெல்லாம் புரோகிராம் இப்போது முறையாகச் சொன்னது. கிளிப்பில் விரல் இல்லையென்றால் திரையில் வெறும் கோடுதான். ஆனாலும் அவள் நாள் முழுக்கக் கிளிப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். “விரலப் புண்ணாக்கப் போற” என்று நான் ஏச வேண்டியிருந்தது. தன் கூட்டாளிகள் எல்லோரும் படிக்கும் இடத்தில் நடந்ததை எழுதிப் போட்டாள். ஒருவன் ஏதோ விளையாட்டாகப் பதில் எழுதினானாம். மற்றவர்கள் அவனை அடக்கினார்களாம். கம்பெனி வேலை நகரவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அடுத்தவர் எழுதி அனுப்பிய எதற்கும் சரி என்று சொல்ல அவளுக்குக் கை வரவில்லை. மேலாளர் ஃபோன் செய்து லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இதைவிட மோசமானது ரசலையன் செய்தது. திரை இப்போது உண்மை சொன்னது; அவர் பொய் சொல்லத் தொடங்கினார்.

“முட்டுதாப்பா?”

“ஒண்ணுல்ல.”

தோள்பட்டை ஏறி இறங்கும், கழுத்துக் குழி உள்ளே போகும், கேட்டால் ஒண்ணுமில்லை. ஷிஜின் வீடியோவில் வரும் நேரம் நெருங்கினால் பேசாமல், அசையாமல், ஆழமாக மூச்சு இழுத்துப் பயிற்சி செய்தார். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று காட்டும். ஃபோனை வைத்ததும் எண்பத்தாறுக்கு இறங்கும். மகள் தன்னை மறுபடி ஆம்புலன்சில் ஏற்றுவாள் என்ற பயம். அபினாவுக்கு அது தெரியும். தெரிந்தும், ‘உண்மையைச் சொல்லுங்க’ என்று அவரிடம் கேட்கும் வாய் அவளுக்கு இல்லை. சொன்னபோது அவள் கேட்கவில்லையே.

நான் ஒருநாள் கட்டிலருகே உட்கார்ந்து நேராகவே கேட்டேன். “முட்டும்போது சொல்லல்லன்னா நான் எப்பிடி மருந்து தருவேன்?”

“சொன்னா... கொண்டு போயிருவா.”

“டாக்டர் சொன்னதக் கேட்டிய இல்லியா? குழாய் வேண்டாம்னு நீங்களே தலையாட்டினிய.”

“நான் ஆட்டினேன். அவ... ஆட்டல்லியே.”

அபினா அடுத்த அறையில் இருந்தாள். கேட்டிருப்பாள். வெளியே வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்த ஒரு மத்தியானம் எனக்கு ஃபோன் வந்தது. ஆட்டோ பிடித்துப் போனேன். ரசலையனுக்கு மறுபடியும் காய்ச்சல். ஆக்சிஜன் மெஷினை முழுவதும் கூட்டி வைத்திருந்தார்கள். திரையில் சிவப்பு எழுத்து: எண்பத்திரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பத்தொன்று. நான் மருந்தைக் கொடுத்தேன். முகத்தில் இருந்த தவிப்பு சற்றுத் தணிந்தது. எண் தணியவில்லை, இறங்கிக்கொண்டே போனது.

அந்த நேரம் பார்த்து ஷிஜின் வீடியோவில் வந்தான். அபினா ஃபோனைக் கையில் எடுத்தாள்.

“நம்பரக் காட்டு.”

அவள் காட்டினாள்.

“எழுவத்தெட்டு! ஏட்டி, என்ன பாத்துட்டு நிக்கிய? ஆம்புலன்ஸக் கூப்பிடு!”

“சரியான நம்பர்தான் அண்ணே. இந்த தடவ தப்பில்ல.”

“அதத்தான் நானும் சொல்லுதேன்! கூப்பிடு!”

அபினா கட்டிலில் உட்கார்ந்தாள். “அப்பா, முட்டுதா?”

ரசலையன் அவளைப் பார்த்தார். ஜெபகுமாரியைப் பார்த்தார்.

“முட்டுது மக்களே.”

“ஆஸ்பத்திரிக்குப் போவமா?”

தலையை இடமும் வலமும் அசைத்தார்.

“அவருக்கு என்ன தெரியும்? மருந்துல கிறங்கிக் கிடக்காரு!” ஃபோனிலிருந்து சத்தம் வந்தது. “போன தடவ நீ செய்தது போராதா? இப்பமும் கொல்லப் போறியா?”

நான் ஃபோனை வாங்கிக்கொள்ளலாமா என்று எழுந்தேன். அவள் தரவில்லை. திரையின் பக்கம் இருந்த ஃபோனை அப்பாவின் முகத்துப் பக்கம் திருப்பினாள்.

“நீயே கேளு அண்ணே.”

ஷிஜினின் முகம் ஃபோனுக்கு நெருங்கி வந்தது.

“அப்பா...”

“ஷிஜினா... சாப்பிட்டியா?”

“ஆஸ்பத்திரிக்குப் போங்கப்பா. நான் டிக்கெட் எடுக்கியேன். நான் வாரது வரைக்கும்...”

“இஞ்ச கிடக்கியேன் மக்கா. உனக்க அம்ம... இருக்கா. இவ இருக்கா.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அவள ஏசாத.”

ஃபோனில் படம் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு ஃபோனை யாரோ கீழே வைத்ததுபோல மஸ்கட் அறையின் கூரை மட்டும் தெரிந்தது.

அபினா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவரைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். மூச்சு இழுக்க அது எளிதான நிலை. ஜெபகுமாரி கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்தாள். எனக்கு மருந்து கொடுக்கும் வேலை இருந்தது, செய்தேன். மறுநாள் ஆராதனை மணி அடிக்கும் முன்னால் ரசலையன் தன் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். கிளிப்பை அபினாதான் கழற்றினாள்.

ஷிஜின் வந்து சேர்ந்தபோது பெட்டி மூடத் தயாராக இருந்தது. அடக்கம் முடிந்து சபைக்காரர்கள் கலைந்த பிறகு, பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த தங்கையிடம் போய் நின்றான்.

“ஆடி மாசம் அந்த நம்பர் சரியா இருந்திருந்தா?”

“இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரா இருக்கும். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது அண்ணே.”

“கடைசில சரியாத்தான காட்டிச்சு? அப்பமும் ஏன் கொண்டு போவல்ல?”

“அப்பா சொன்னாரு.”

மன்னித்துவிட்டான் என்று சொல்ல முடியாது. அவன் மஸ்கட் திரும்பும்வரை இருவரும் அதிகம் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அப்போது அவள் அடுக்கிய நாற்காலிகளின் மறுமுனையைப் பிடித்தான். இருவருமாகத் தூக்கி, மழை வருமுன் வீட்டை ஒட்டிய சாய்ப்புக்குள் கொண்டு வைத்தார்கள்.